சீசரின் மாமா மாரியஸ்: ரோமானியப் படையை மாற்றியவர், ரோமையே உலுக்கியவர்

ஜூலியஸ் சீசரைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீங்க. பள்ளியில் படித்த ஷேக்ஸ்பியர் நாடகமோ, ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதையோ, ஏதாவது ஒரு வழியில் அவர் உங்களிடம் வந்து சேர்ந்திருப்பார்.

அவருடைய மாமாவைத் தெரியுமா?

சீசரின் அத்தை ஜூலியாவை மணந்தவர் கையஸ் மாரியஸ். ரோமின் ஆக உயரிய பதவி கன்சல். ஆண்டுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். நாட்டை நடத்துவதும் அவர்கள்தான், போருக்குப் படையை நடத்துவதும் அவர்கள்தான். ஒருமுறை அந்தப் பதவி கிடைத்தாலே அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பெருமை பேசும். மாரியஸ் 7 முறை கன்சல்!

படங்களில் வரும் ரோமானியப் படையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. ஒரே மாதிரி கேடயம், ஒரே மாதிரி குத்துவாள், முன்னால் கழுகுச் சின்னம். ராணுவமே அவர்களுக்கு முழுநேர வேலை.

ரோமானியப் படை எப்போதும் அப்படி இருந்ததில்லை. பல நூறு ஆண்டுகள் அது வேறு மாதிரி இருந்தது. பழைய படை புதிய படையாக மாறிய காலத்தின் நட்டநடுவில் நின்றவர் மாரியஸ்.

சொத்து இருந்தால்தான் படையில் இடம்

பழைய ரோமில் படைவீரர் என்று தனியாக ஒரு வேலை கிடையாது. விவசாயிகள்தான் வீரர்கள். போர் வந்தால் போவார்கள், முடிந்ததும் வயலுக்குத் திரும்புவார்கள்.

ஆனால் எல்லாருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் சொத்து எவ்வளவு என்று பார்ப்பார்கள். பெரும் பணக்காரர் என்றால் குதிரைப்படை. அடுத்த நிலையில் இருப்பவர் முழுக் கவசத்தோடு வருவார். சொத்து குறையக் குறைய ஆயுதமும் குறையும். சொத்தே இல்லாதவர்களைப் பெரும்பாலும் படையில் சேர்க்கவே மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது: தலைக்கணக்கு மக்கள். எழுதிக்கொள்ளச் சொத்து எதுவும் இல்லை, எண்ணத் தலை மட்டும்தான் இருக்கிறது என்று பொருள்.

இதற்குக் காரணம் இருந்தது. வீரர் தம் ஆயுதத்தைத் தாமே வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், நிலம் உள்ளவன்தான் நாட்டுக்காக உயிரைக் கொடுத்துப் போராடுவான் என்று ரோமானியர் நம்பினார்கள். இழக்க ஒன்றும் இல்லாதவனை நம்பலாமா என்ற சந்தேகம் அவர்களுக்கு.

சரி, அந்தப் படை எப்படிப் போரிட்டது?

தொடக்கத்தில் கிரேக்கர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட முறைதான். ஈட்டியும் கேடயமும் ஏந்தி, தோளோடு தோள் ஒட்டி, நடமாடும் சுவர் போல முன்னேறுவார்கள். சமவெளியில் அந்தச் சுவர் பலமானது. மேடுபள்ளமான மலைப்பகுதியில் அது உடைந்துபோகும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நடு இத்தாலியின் மலைவாழ் மக்களான சாம்னைட்டுகளோடு நடந்த நீண்ட போர்களுக்குப் பிறகு ரோமானியர் அந்த முறையைக் கைவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

அதற்குப் பதிலாக வந்தது மேனிப்பிள் என்ற சிறு குழு. ஒரு குழுவில் 120 பேர். சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டங்கள் மட்டும் நிரம்பியிருப்பது போல, குழுக்களுக்கு இடையே இடைவெளி விட்டு 3 வரிசைகளாக நிற்பார்கள். முதல் வரிசையில் இளையர்கள். இரண்டாவதில் கொஞ்சம் அனுபவம் உள்ளவர்கள். மூன்றாவதில் மூத்த வீரர்கள், குழுவுக்கு 60 பேர். எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய் எறியீட்டி வீசிவிட்டுத் திரும்பும் வேலை ஏழைகளுக்கும் ஆக இளையவர்களுக்கும். மொத்தம் சுமார் 4,200 பேர் சேர்ந்தால் ஒரு லீஜன்.

முன்வரிசை களைத்துவிட்டால் இடைவெளி வழியே பின்வாங்கலாம், அடுத்த வரிசை முன்னே வரும். எதிரிக்கோ ஓய்வு கிடையாது. இந்தப் படைதான் ஹனிபலைத் தோற்கடித்தது. கி.மு. 168இல் பிட்னாவில் மாசிடோனியாவின் ஈட்டிச் சுவரையும் உடைத்தது.

வெற்றிதான் பிரச்சினையையும் கொண்டுவந்தது. பக்கத்து ஊரோடு சண்டை என்றால் அறுவடைக்குள் வீடு திரும்பிவிடலாம். ஸ்பெயினில் சண்டை என்றால்? ஆண்டுக்கணக்கில் ஆகும். நிலத்தைப் பார்க்க ஆள் இல்லாத குடும்பங்கள் நொடித்துப்போயின. படையில் சேரவே பலர் தயங்கினார்கள். சேர்வதற்கான சொத்து வரம்பை அரசு குறைத்துக்கொண்டே வந்தது போலத் தெரிகிறது. பழைய நூல்களில் 11,000, 4,000, 1,500 ஆஸ் என்று மூன்று வெவ்வேறு எண்கள் இருக்கின்றன. ஆஸ் என்பது ரோமின் செப்புக்காசு. கி.மு. 123இல் வந்த ஒரு சட்டம், வீரர்களின் உடைச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்றது. உடை வாங்கக்கூட முடியாதவர்கள் படையில் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்!

கிராமத்திலிருந்து வந்த புது ஆள்

மாரியஸ் பிறந்தது கி.மு. 157 வாக்கில். ரோமிலிருந்து தென்கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அர்ப்பினத்தை ஒட்டிய ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தே அப்போது 30 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அவர் கூலித்தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்று எழுதினார் வரலாற்றாசிரியர் புளூட்டார்க். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. உள்ளூரில் ஓரளவு வசதியான குடும்பமாகத்தான் இருந்திருக்கும். இல்லாவிட்டால் ரோமில் தேர்தலில் நிற்கவே முடிந்திருக்காது. ஆனால் ரோமின் பெரிய குடும்பங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? முன்னோரில் யாரும் கன்சலாக இல்லாதவரை அவர்கள் புது ஆள் என்றுதான் அழைப்பார்கள். கொஞ்சம் இளக்காரத்தோடு.

இளைஞர் மாரியஸ் ராணுவம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டது ஸ்பெயினின் நுமான்டியா முற்றுகையில், கி.மு. 134-133இல். தளபதி சிப்பியோ எமிலியானஸ். அவர் வந்தபோது முகாம் கிட்டத்தட்ட சந்தை போல இருந்தது. வியாபாரிகளையும் குறிசொல்பவர்களையும் விரட்டினார். சொகுசுப் பொருள்களைத் தூக்கி எறியச் சொன்னார். வீரர்களை நடக்கவைத்தார், பள்ளம் தோண்டவைத்தார், தோண்டியதை மூடவைத்தார். மாரியஸ் அதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டார்.

அதே முகாமில் ரோமுக்கு உதவியாக வந்திருந்தார் வட ஆப்பிரிக்க இளவரசர் ஒருவர். பெயர் ஜுகுர்த்தா. ரோமானியர் எப்படிப் போரிடுகிறார்கள் என்பதை அவரும் பக்கத்திலிருந்து பார்த்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

அரசியலில் மாரியஸின் தொடக்கம் அவ்வளவு பிரமாதம் இல்லை. கி.மு. 119இல் மக்கள் பிரதிநிதியாக இருந்தபோது, வாக்களிக்கப் போகும் நடைபாலத்தைக் குறுகலாக்கும் சட்டம் கொண்டுவந்தார். பக்கத்தில் நின்று வாக்காளரை மிரட்டப் பெரிய வீட்டுக்காரர்களுக்கு இடமில்லாமல் போனது. அவர்கள் அதை மறக்கவில்லை. பிறகு ஒரு தேர்தலில் தோற்றார். அன்றே இன்னொரு தேர்தலில் நின்றார். அதிலும் தோல்வி. ஒரே நாளில் இரண்டு! அடுத்த பதவிக்குக் கடைசி ஆளாகத் தேறினார். அதற்கும் லஞ்ச வழக்கு வந்தது. நீதிபதிகளின் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்ததால் தப்பித்தார்.

அவருடைய குணத்தைக் காட்ட ஒரு சம்பவம் போதும். இரண்டு கால்களிலும் நரம்பு புடைத்திருந்தது. மயக்கமருந்து இல்லாத காலம். அறுவைச் சிகிச்சை என்றால் நோயாளியைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். மாரியஸ் கட்டவேண்டாம் என்றார். அசையாமல், முனகாமல் ஒரு காலைக் காட்டினார். மருத்துவர் அடுத்த காலுக்கு வந்தபோது போதும் என்று சொல்லிவிட்டாராம். இந்த வலிக்கு அந்தப் பலன் கட்டுப்படியாகாதாம்! வீரமும் உண்டு, கணக்கும் உண்டு.

ஜுகுர்த்தா திரும்பி வருகிறார்

கி.மு. 112இல் நுமிடியாவில் போர் மூண்டது. இன்றைய அல்ஜீரியாவின் கிழக்குப் பகுதியும் அதன் சுற்றுவட்டாரமும்தான் நுமிடியா. எதிரி யார்? நுமான்டியாவில் பார்த்த அதே ஜுகுர்த்தா. போர் இழுத்துக்கொண்டே போனது. தளபதிகள் அவரிடம் பணம் வாங்கிவிட்டதாகப் பேச்சு.

கி.மு. 109இல் மெட்டெல்லஸ் என்ற உயர்குடித் தளபதி அனுப்பப்பட்டார். அவருக்குக் கீழே துணைத் தளபதியாக மாரியஸ். வீரர்கள் சாப்பிட்ட அதே ரொட்டியை மாரியஸ் சாப்பிட்டார், அதே மாதிரிப் படுக்கையில் படுத்தார், அவர்களோடு சேர்ந்து பள்ளம் தோண்டினார். வேலையைக் குறைத்துக் கொடுக்கும் தலைவரைவிட, வேலையில் பங்கெடுக்கும் தலைவரை வீரர்களுக்குப் பிடிக்கும். மாரியஸ் கன்சல் ஆனால்தான் போர் முடியும் என்று அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள்.

தேர்தலில் நிற்க விடுப்பு கேட்டபோது மெட்டெல்லஸ் நக்கலடித்தார். என்ன அவசரம், என் மகனும் தயாராகட்டும், அவனோடு சேர்ந்து நிற்கலாமே என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். மகனுக்கு அப்போது 20 வயது போல. மாரியஸுக்கோ 50ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த அவமானத்தை மாரியஸ் விடவில்லை. ரோமுக்குப் போனார், நின்றார், வென்றார். கி.மு. 107இல் கன்சல். நுமிடியப் போரை மெட்டெல்லஸிடமிருந்து எடுத்து அவரிடமே கொடுத்தது மக்கள் மன்றம்.

இப்போதுதான் முக்கியமான கட்டம்.

போருக்கு இன்னும் ஆள் வேண்டும். கட்டாயமாக ஆள் சேர்த்தால் மக்கள் வெறுப்பார்கள், மாரியஸின் செல்வாக்கு சரியும் என்று செனட் மன்றம் கணக்குப் போட்டு அனுமதி கொடுத்தது. மாரியஸ் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்றார். சொத்து எவ்வளவு என்று கேட்கவில்லை.

தலைக்கணக்கு மக்கள் திரண்டு வந்தார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்? சொத்து உள்ளவர்கள் போதவில்லை என்றும் சொல்லலாம், அதிகாரத்தை விரும்புகிறவருக்கு ஒன்றும் இல்லாத மக்களைவிட நல்ல துணை கிடையாது என்றும் சொல்லலாம் என்று எழுதுகிறார் சல்லஸ்ட் என்ற வரலாற்றாசிரியர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம், இல்லையா?

ஒன்றை மட்டும் கவனியுங்க. பழைய வீரனுக்குப் போர் முடிந்தால் போக வயல் இருந்தது. இந்தப் புதிய வீரனுக்கு? அவன் படையைவிட்டு வெளியே வரும்போது எங்கே போவான் என்பதை யாரும் முடிவுசெய்யவில்லை. செனட் கேட்கவில்லை, சட்டத்திலும் இல்லை. மீதிக் கதை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

ஜுகுர்த்தா கி.மு. 105இல் பிடிபட்டார். போர்க்களத்தில் அல்ல. அவருடைய மாமனார், பக்கத்து நாட்டு மன்னர் போக்கஸ், அவரைக் காட்டிக்கொடுத்தார். அந்தப் பேரத்தைப் பேசத் துணிந்து நேரில் போனவர் மாரியஸுக்குக் கீழே இருந்த இளம் அதிகாரி சுல்லா. அந்தக் காட்சியை முத்திரை மோதிரத்தில் செதுக்கிக் கையில் போட்டுக்கொண்டார் சுல்லா. பார்க்கும்போதெல்லாம் மாரியஸுக்கு எரிச்சல். இந்த மோதிரத்தின் விலை பின்னால் தெரியும்.

ஒரே நாளில் 80,000 பேர்

வடக்கே அதைவிடப் பெரிய ஆபத்து. கிம்ப்ரி, டியூட்டன் என்ற மக்கள் குடும்பம் குடும்பமாக, வண்டிகளோடு ஐரோப்பாவைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். கி.மு. 105 அக்டோபர் 6ஆம் தேதி, இன்றைய பிரான்ஸின் ஆரஞ்ச் நகருக்கு அருகில் அரௌசியோ என்ற இடத்தில் இரண்டு ரோமானியப் படைகள் அவர்களை எதிர்கொண்டன.

இரண்டு படைகள், இரண்டு தளபதிகள். ஒருவர் மாலியஸ், அவரும் புது ஆள். இன்னொருவர் கேப்பியோ, பழம்பெரும் குடும்பம். பதவியில் மாலியஸ் மேலே. ஆனால் புது ஆளின் பேச்சைக் கேட்பதா என்று கேப்பியோ தம் படையைத் தனியாக நிறுத்தினார். இரண்டு படைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. மாண்ட வீரர்கள் 80,000 என்கின்றன பழைய பதிவுகள். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம், அதிர்ச்சி மிகையல்ல. ஹனிபலுக்குப் பிறகு ரோம் அப்படிப் பயந்ததில்லை.

மக்கள் மாரியஸைக் கூப்பிட்டார்கள். அவர் ஆப்பிரிக்காவில் இருந்தபோதே மீண்டும் கன்சலாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவரே இப்படி அடிக்கடி வருவதற்குச் சட்டத்தில் இடமில்லை. பயத்தில் யாரும் சட்டம் பார்க்கவில்லை. கி.மு. 104 முதல் 100 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் அவரே.

மாரியஸின் கோவேறு கழுதைகள்

அதிர்ஷ்டமும் அவர் பக்கம் இருந்தது. வென்றவர்கள் நேராக இத்தாலிக்கு வராமல் ஸ்பெயின் பக்கம் திரும்பினார்கள். மாரியஸுக்கு 2 ஆண்டுகளுக்கும் மேல் கிடைத்தது.

அந்த 2 ஆண்டுகளை அவர் பயிற்சிக்குச் செலவழித்தார். ஓட்டம், நீண்ட நடை, முகாம் கட்டுதல். வாள்பயிற்சிக்கு ஒரு சுவாரஸ்யமான பின்னணி உண்டு. கி.மு. 105இன் கன்சல் ருட்டிலியஸ், கிளேடியேட்டர் பள்ளியின் ஆசிரியர்களைக் கூட்டிவந்து வீரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்தார். இருவருக்கும் ஆகாது. ஆனாலும் ருட்டிலியஸ் பழக்கிய படையைத்தான் மாரியஸ் விரும்பி எடுத்துக்கொண்டார்.

ரோன் ஆற்றின் முகத்துவாரம் சேறுபடிந்து கிடந்தது. உணவுக் கப்பல்கள் வர முடியவில்லை. வீரர்களை வைத்துக் கால்வாய் வெட்டினார். பிரான்ஸின் தெற்குக் கரையில் ஃபொஸ் என்ற ஊர் இருக்கிறது. அந்தக் கால்வாயின் பெயர்தான் இன்றும் அந்த ஊரின் பெயர்.

பெரிய படை என்றால் பின்னால் பொதிவண்டிகளும் வேலைக்காரர்களும் நீண்ட வரிசையாக வருவார்கள். வேகம் குறையும். மாரியஸ் வீரர்களின் தோளிலேயே சுமையை ஏற்றினார். உணவு, சமையல் பாத்திரம், மண்வெட்டி, முகாம் வேலிக்கான கழி, எல்லாம். மக்கள் அவர்களுக்கு மாரியஸின் கோவேறு கழுதைகள் என்று பெயர் வைத்தார்கள். தேசியச் சேவையில் முழுப் பையையும் சுமந்துகொண்டு ரூட் மார்ச் போன அண்ணன் யாராவது வீட்டில் இருந்தால், அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று கேட்டுப் பாருங்க.

படையின் அமைப்பும் மாறிக்கொண்டிருந்தது. 120 பேர் கொண்ட சிறு குழுக்கள் இத்தாலியில் போதுமாக இருந்தன. ஆயிரக்கணக்கானோர் ஒரே அலையாகப் பாய்ந்து வரும்போது? அதனால் கோஹார்ட் என்ற பெரிய குழு. கணக்கு எளிமை. ஒரு கூடாரத்தில் 8 பேர். 10 கூடாரம் சேர்ந்தால் 80 பேர், ஒரு செஞ்சுரி. நூறு என்று பெயர், ஆனால் எண்பதுதான்! 6 செஞ்சுரி சேர்ந்தால் 480 பேர், ஒரு கோஹார்ட். 10 கோஹார்ட் சேர்ந்தால் ஒரு லீஜன்.

வயதுக்கும் வசதிக்கும் ஏற்ற வரிசைகள் மறைந்தன. எல்லாருக்கும் ஒரே ஆயுதம், அரசு கொடுத்தது. விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம். கோஹார்டைத் தனியாக அனுப்பலாம், பாலத்தைக் காக்க வைக்கலாம், மலையைச் சுற்றிவந்து தாக்க வைக்கலாம். குட்டிப் படை மாதிரி.

எறியீட்டியிலும் மாரியஸ் கை வைத்தார். இரும்பு முனையைக் கட்டையோடு இணைக்கும் இரண்டு ஆணிகளில் ஒன்றை எடுத்துவிட்டு மர முளை வைத்தார். எதிரியின் கேடயத்தில் குத்தியதும் முளை உடையும், ஈட்டி மடிந்து தொங்கும். பிடுங்கித் திருப்பி எறியவும் முடியாது, கேடயத்தைத் தூக்கவும் முடியாது. அதுவரை ஓநாய், காட்டுப்பன்றி, குதிரை என்று பல சின்னங்கள் இருந்தன. கழுகு மட்டும் போதும் என்று முடிவுசெய்ததும் அவர்தான் என்கிறது ஒரு பழைய பதிவு.

இதையெல்லாம் ஒரே ஆள் செய்தாரா? பழைய பாடப்புத்தகங்கள் மாரியஸ் சீர்திருத்தம் என்று மொத்தமாக அவர் பெயரில் எழுதிவைத்தன. இப்போதைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. கோஹார்ட் ஸ்பெயின் போர்களிலேயே இருந்தது. சொத்து வரம்பு ஏற்கனவே தேய்ந்துகொண்டிருந்தது. மாரியஸுக்குப் பிறகும் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றுவிடவில்லை. எனக்கு அவர்கள் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. பத்துப் பேர் நூறு ஆண்டுகளில் செய்ததை ஒருவர் பெயரில் எழுதினால் கதைக்கு நல்லது, வரலாற்றுக்கு அல்ல. ஆனால் வெளிப்படையாக ஏழைகளைக் கூப்பிட்டு அவர்களை வைத்து ஜெயித்துக் காட்டியவர் மாரியஸ். அதை யாரும் மறுக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மாரியஸின் சகோதரி மகன் லூசியஸ் அந்தப் படையில் அதிகாரி. டிரெபோனியஸ் என்ற சாதாரண வீரரிடம் அவர் தவறாக நடந்துகொள்ள முயன்றார். டிரெபோனியஸ் அவரைக் கொன்றுவிட்டார். அதிகாரியைக் கொன்றால் மரண தண்டனை. செத்தவரோ தளபதியின் மருமகன். வழக்காட யாரும் முன்வரவில்லை. டிரெபோனியஸ் தாமே எழுந்து நடந்ததைச் சொன்னார், சாட்சிகள் உறுதிப்படுத்தினார்கள். மாரியஸ் தண்டிக்கவில்லை. வீரச் செயலுக்குக் கொடுக்கும் மகுடத்தை வரவழைத்துத் தம் கையாலேயே அந்த வீரருக்குச் சூட்டினார். அந்த முகாமில் ஒவ்வொரு ஏழை வீரனும் அன்றிரவு என்ன நினைத்திருப்பான் என்று யோசித்துப் பாருங்க.

தண்ணீர் அங்கே இருக்கிறது

கி.மு. 102. டியூட்டன் மக்கள் வந்துவிட்டார்கள். மாரியஸ் முகாமைவிட்டு வெளியே வரவில்லை. எதிரிகள் கூச்சலிட்டார்கள், கேலிசெய்தார்கள். வீரர்களை மதில்மேல் முறைவைத்து நிற்கச் சொன்னார் மாரியஸ். எதிரியின் உயரத்தையும் சத்தத்தையும் பார்த்துப் பார்த்துப் பழகட்டும், பயம் போகட்டும் என்பது அவர் திட்டம். அரௌசியோவின் நினைவு எல்லார் நெஞ்சிலும் இருந்தது அல்லவா?

எதிரிகள் அலுத்துப்போய் முகாமைத் தாண்டி இத்தாலியை நோக்கிப் புறப்பட்டார்கள். தாண்டிப் போகவே 6 நாள் ஆனதாம். அப்போது ரோமில் இருக்கும் உங்கள் மனைவிமாருக்கு ஏதாவது சொல்லியனுப்ப வேண்டுமா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

மாரியஸ் பின்தொடர்ந்தார். இன்றைய எக்ஸ் நகரத்துக்கு அருகே, மேட்டில் முகாம் போட்டார். அங்கே தண்ணீர் இல்லை. வீரர்கள் முணுமுணுத்தார்கள். எதிரி முகாமை ஒட்டி ஓடிய ஆற்றைக் கைகாட்டினார் மாரியஸ். தண்ணீர் அங்கே இருக்கிறது, விலை ரத்தம் என்று பொருள்பட.

படைத்தலைவர் இறங்குவதற்குள் வேலைக்காரர்கள் இறங்கிவிட்டார்கள். தங்களுக்கும் விலங்குகளுக்கும் தண்ணீர் எடுக்க, கிடைத்த ஆயுதத்தோடு போனவர்கள் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த எதிரிகளோடு மோதினார்கள். சண்டை பெரிதானது. முதல் நாள் ரோமானியர் பக்கம் முடிந்தது.

பெரிய போர் அதற்குப் பிறகு. இரவோடு இரவாக 3,000 பேரை எதிரிக்குப் பின்னால் இருந்த காட்டுப்பள்ளங்களில் ஒளித்துவைத்தார். காலையில் மேட்டுச்சரிவில் லீஜன்களை நிறுத்தினார். எதிரியைச் சீண்டிவிடக் குதிரைப்படையை இறக்கினார். ஆத்திரத்தில் எதிரிகள் மேட்டைநோக்கி ஏறி ஓடிவந்தார்கள். யாரும் அசையக்கூடாது, எட்டும் தூரம் வந்ததும் ஈட்டி, பிறகு வாள், பிறகு கேடயத்தால் தள்ளு. அவ்வளவுதான் கட்டளை. வயது 55க்கு வந்திருந்த மாரியஸ் முன்வரிசையிலேயே நின்றார். மேடேறிக் களைத்தவர்கள் கீழே தள்ளப்பட்டார்கள். அந்நேரம் பின்னாலிருந்து 3,000 பேர் பாய்ந்தார்கள்.

காத்திருக்கத் தெரிந்த படை, சொன்னபடி நின்ற படை. ஐந்தாண்டுக்கு முன் யாரும் சீந்தாத ஏழைகள் அதில் எத்தனையோ பேர்.

மறு ஆண்டு வட இத்தாலியில் வெர்செல்லே என்ற இடத்தில் கிம்ப்ரியும் முறியடிக்கப்பட்டார்கள். ரோமை மூன்றாவது முறையாக நிறுவியவர் என்று மாரியஸைக் கொண்டாடினார்கள்.

போர் முடிந்தது, நிலம் எங்கே?

இப்போது அந்தப் பழைய கேள்வி வந்தது. வீரர்கள் எங்கே போவார்கள்?

செனட் கையை விரித்தது. மாரியஸ் சட்டர்னினஸ் என்ற அரசியல்வாதியோடு கூட்டுச் சேர்ந்தார். கி.மு. 103இல் ஆப்பிரிக்காவில் போரிட்டவர்களுக்குத் தலைக்கு 100 யூகெரா, கிட்டத்தட்ட 25 ஹெக்டர் நிலம் கொடுக்கச் சட்டம் வந்தது. கி.மு. 100இல் இன்னொரு நிலச் சட்டம். அதை நிறைவேற்றும் நாளில் மாரியஸின் பழைய வீரர்கள் கூட்டத்தில் இறங்கி அடிதடி நடத்தினார்கள். போர்க்களத்துக் கைகள் இப்போது வாக்குச்சாவடியில்.

சட்டர்னினஸ் எல்லை மீறினார், எதிர்த்து நின்ற வேட்பாளர் ஒருவர் கொல்லப்பட்டார். அடக்கச் சொல்லி கன்சல் மாரியஸுக்கே செனட் உத்தரவிட்டது. தம் கூட்டாளியை மாரியஸ் முற்றுகையிட்டார், தண்ணீர்க் குழாயை வெட்டினார். சரணடைந்தவர்களைக் காப்பாற்ற நினைத்து செனட் கட்டடத்தில் அடைத்தார். கூட்டம் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிடுங்கி எறிந்தே அவர்களைக் கொன்றது. மாரியஸை இரண்டு பக்கமும் வெறுத்தன. களத்தில் அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தவர், நகரத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தடுமாறினார்.

கி.மு. 91இல் இத்தாலிய நட்பு நகரங்கள் குடியுரிமை கேட்டுப் போரில் இறங்கின. ரோம் போரிலும் வென்றது, குடியுரிமையும் கொடுத்தது. அதுவரை நட்புப் படை என்று தனியாக நின்ற இத்தாலியர்கள் இனி லீஜன்களுக்குள். படை ஒரேயடியாகப் பெருத்தது.

தளபதி சொன்னால் ரோமுக்கும் போவோம்

கி.மு. 88. கிழக்கே மித்ரிடேட்டிஸ் மன்னரோடு போர். செல்வம் கொழிக்கும் பகுதி, கொள்ளைப் பொருள் நிறையக் கிடைக்கும். தளபதிப் பொறுப்பு சுல்லாவுக்கு. ஆமாம், மோதிரம் போட்ட அதே சுல்லா. இப்போது அவர் கன்சல்.

மாரியஸுக்கு 70 வயது நெருங்குகிறது. உடம்பும் பருத்துவிட்டது. ஆனாலும் தினமும் திடலுக்குப் போய் இளைஞர்களோடு உடற்பயிற்சி செய்தார். ஓய்வெடுக்கக்கூடாதா தாத்தா என்று நமக்கே கேட்கத் தோன்றும்! தளபதிப் பொறுப்பைச் சுல்லாவிடமிருந்து பிடுங்கி மாரியஸிடம் கொடுத்தது மக்கள் மன்றத்தின் ஒரு வாக்கெடுப்பு. 19 ஆண்டுகளுக்கு முன் மெட்டெல்லஸுக்கு நடந்ததுதான்.

மெட்டெல்லஸ் முகம் சுளித்துவிட்டு வீட்டுக்குப் போனார். சுல்லா தம் வீரர்களிடம் போனார். மாரியஸ் வந்தால் வேறு ஆள்களைக் கிழக்கே கூட்டிப்போவார், நமக்கு ஒன்றும் கிடைக்காது என்று அந்த வீரர்களுக்குப் புரிந்தது. படையைப் பொறுப்பேற்க வந்த தூதர்களைக் கல்லாலேயே அடித்துக் கொன்றார்கள். 6 லீஜன்கள் ரோமை நோக்கி நடந்தன. ஓர் அதிகாரியைத் தவிர மற்ற உயர் அதிகாரிகள் எல்லாரும் சுல்லாவைவிட்டு விலகினார்கள். சாதாரண வீரர்கள் விலகவில்லை.

ரோமானியப் படை ரோமுக்குள் போர் உடையில் நுழைந்தது அதுவே முதல் முறை.

மாரியஸ் ஓடினார். கடற்கரையோரம் மின்டுர்னே ஊர்ச் சதுப்பில், சேற்றுக்குள் மூழ்கி ஒளிந்திருந்தவரைப் பிடித்தார்கள். கொல்ல அனுப்பப்பட்ட ஆள் கிம்ப்ரி இனத்தவன் என்றும் ஒரு கதை. இருட்டறையில் கிழவரின் கண்ணைப் பார்த்ததும் வாளைப் போட்டுவிட்டு ஓடிவிட்டானாம். ஊரார் மனமிரங்கிக் கப்பலேற்றினார்கள். ஆப்பிரிக்கா சேர்ந்தார்.

சுல்லா கிழக்கே போனதும், கி.மு. 87இல் மாரியஸ் திரும்பினார். வழியில் கிடைத்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார். ஆஸ்டியா துறைமுகத்தைப் பிடித்துத் தானியத்தைத் தடுத்தார். ரோம் பணிந்தது. பிறகு நடந்தது பழிவாங்கல். எதிரிகளின் தலைகள் பொதுச் சதுக்கத்தில் வைக்கப்பட்டன. மாரியஸ் யாருடைய வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லையோ, அவரை அவருடைய காவலர்கள் அங்கேயே வெட்டினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். டிரெபோனியஸுக்கு மகுடம் சூட்டிய அதே மனிதர்.

கி.மு. 86 ஜனவரி 1ஆம் தேதி 7ஆவது முறையாகக் கன்சல். இரு வாரங்கள்கூட முழுசாக ஆகவில்லை. ஜனவரி 13ஆம் தேதி படுக்கையில் உயிர் பிரிந்தது. அவர் ஆசைப்பட்ட கிழக்குப் போருக்குப் போகவே இல்லை.

சுல்லா திரும்பிவந்து சர்வாதிகாரி ஆனதும் மாரியஸின் எச்சங்களைத் தோண்டியெடுத்து ஆற்றில் வீசச் சொன்னார். மாரியஸ் பெயரை உச்சரிக்கவே பலர் பயந்த காலம் அது. கி.மு. 69இல் அத்தை ஜூலியா இறந்தபோது, இறுதி ஊர்வலத்தில் மாமாவின் உருவத்தைத் துணிந்து கொண்டுவந்தார் ஒரு இளைஞர். சீசர்தான். 20 ஆண்டு கழித்து, தம்மை நம்பிய லீஜனோடு ரூபிகான் ஆற்றைத் தாண்டினார். வழி ஏற்கனவே போட்டிருந்தது.

ஏழை வீரன் ஓய்வுபெற்றால் எங்கே போவான் என்ற கேள்விக்கு ரோம் பதில் சொன்னது கி.பி. 6இல். மாரியஸ் ஆள் சேர்த்து 112 ஆண்டுகளுக்குப் பிறகு. சீசரின் வாரிசான பேரரசர் அகஸ்டஸ் ராணுவ நிதிக் கருவூலம் ஒன்றைத் தொடங்கினார். தம் சொந்தப் பணத்தில் 170 மில்லியன் செஸ்டர்ஸ் போட்டார். 20 ஆண்டு சேவை முடித்த லீஜன் வீரருக்கு 12,000 செஸ்டர்ஸ். கொடுப்பது தளபதி அல்ல, அரசு. அந்த நிதிக்காக வாரிசுச் சொத்தில் 5 விழுக்காடு வரி.

பணக்காரக் குடும்பங்கள் வரியை எதிர்த்து முணுமுணுத்தன. சரி, வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்றார் அகஸ்டஸ். அதோடு நிலத்தையும் வீட்டையும் அளக்க ஆள் அனுப்பினார், அடுத்த வரி அவற்றின் மேல்தான் என்பது போல. 5 விழுக்காடே பரவாயில்லை என்று அவர்கள் அடங்கிவிட்டார்கள்.